ஒன்பதாவது வண்டியில் சேர்மன்

நாள் 211. காலை 7:10. மையம் நான்கு.

மூச்சுக் காற்று இயந்திரம் ஓடுகிறது. சூரியத் தகடுகளில் மின்சாரம் போதுமான அளவு. வந்த சரக்கு இல்லை. போன சரக்கு இல்லை. பணியில் இருப்பவர் ஒருவர்.

அந்த ஒருவர் நான். கா. தமயந்தி. நியமன உத்தரவில் "முதுநிலை வழித்தட விஞ்ஞானி" என்று போட்டிருக்கிறது. எந்த லாரி எதை ஏற்றிக்கொண்டு எந்த வழியாக எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போடுகிறவள் என்று பொருள். செவ்வாய்க் கிரகத்தில் இந்த வேலைக்கு நான் ஒருத்திதான். ஆகவே முதுநிலையும் நானே, இளநிலையும் நானே.

தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்பது கம்பெனி விதி. பின்னால் வருபவர்களுக்குப் பயன்படுமாம். பின்னால் வருபவரே, உங்களுக்கு என் அனுதாபங்கள். இங்கே வந்து சேரும்படி நீங்கள் என்ன பாவம் செய்தீர்களோ.

உங்களுக்கு ஊர் தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். தெற்கே இறங்குதுறை. பூமியிலிருந்து வரும் கப்பல்கள் சரக்கை அங்கேதான் கொட்டும். வடக்கே வடகுடி. நானூறு பேர் பனிக்கட்டி வெட்டிப் பிழைக்கும் ஊர். நடுவில் சின்னச் சின்ன முகாம்கள். ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு லாரி என்று விட்டால் பாதி லாரி காலியாகத்தான் ஓடும். அதனால் சரக்கை நடுவழியில் ஓரிடத்தில் இறக்கி, பிரித்து, சேர்த்து, வேறு லாரியில் ஏற்றுவார்கள். அந்த இடத்துக்கு மையம் என்று பெயர். மையத்தை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சரியான இடத்தில் வைத்தால் ஊர் பிழைக்கும். தப்பான இடத்தில் வைத்தால் மையம் நான்கு.


நாள் 211. மாலை 5:40.

இந்தப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்த அறிவாளி யார் என்று நீங்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். நான் இல்லை.

நான் சொன்ன இடம் மேலே, மேட்டு நிலத்தில். மூன்று பாதைகள் கூடும் இடம். காற்று தூசியைத் தங்கவிடாமல் அடித்துக்கொண்டு போய்விடும். மூன்று மாதம் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த இடம். தலைமையகம் கணக்கைப் பாராட்டியது. பாராட்டிவிட்டு ஒரு வாஸ்து நிபுணரை அமர்த்தியது.

அவர் சேலத்தை விட்டு அசையவில்லை. காணொளியில் பார்த்தார். திசைகாட்டியைத் தரையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். முள் போன போக்கில் நின்றது. செவ்வாய்க்குப் பூமியைப் போல வடக்கு காட்டும் காந்தம் கிடையாது என்று சொன்னேன். "அதுவே ஒரு தோஷம்தான்" என்று குறித்துக்கொண்டார். பிறகு ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டும், இந்த மேட்டில் அது உயர்ந்து நிற்கிறது, குடும்பத்துக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். யாருடைய குடும்பத்துக்கு என்று கேட்டேன். துணைத் தலைவர் ரகோத்தமனிடமிருந்து பதில் வந்தது.

தலைமையகம்: "நம் நிறுவனமே ஒரு குடும்பம் என்பதை முதுநிலை விஞ்ஞானி மறக்கலாகாது."

மையம் பள்ளத்துக்கு இறங்கிவிட்டது. இப்போது ஈசானிய மூலை அமோகமாகத் தாழ்ந்திருக்கிறது. ஊர்ப்பட்ட தூசியெல்லாம் அங்கேதான் வந்து குடியேறுகிறது. மேட்டுச் சாலைக்குப் போகப் புதிதாக ஓர் இணைப்புப் பாதை போட்டார்கள். அது சாலையில் போய்ச் சேரும் இடம் மணல் ஏற்றத்தின் நட்டநடுவில். சரிவின் நடுவே சந்திப்பு வைத்தவனை எந்தக் கல்லூரி தேர்ச்சி போட்டதோ, அதை மூடிவிடலாம்.

அந்த ஏற்றத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஒற்றைப் பாதை. புட்டுமாவு போன்ற மணல். லோடு லாரி ஒரே மூச்சில் ஏறினால் ஏறிவிடும். நடுவில் நின்றால் சக்கரம் புதையும். இன்னொரு வண்டி மேலிருந்து இழுத்தால்தான் மீளும். பின்னால் வரும் வண்டிகளுக்கு விலகிப் போக இடமும் இல்லை.


நாள் 214. காலை 9:00.

வானம் பழுப்பாகிவிட்டது. தெற்கில் பெரும்புயல் கிளம்பியிருக்கிறது. வந்தால் ஏற்றத்தை மூடிவிடும். எத்தனை நாளுக்கு என்று யாருக்கும் தெரியாது.

வடகுடி மருத்துவர் செலின் பர்னாந்து அனுப்பியது: "தமயந்தி, காத்து சுத்தம் பண்ற ஃபில்டர் பூரா அடைச்சுப் போச்சு. பிள்ளைங்க தலைவலின்னு அழுதுட்டுக் கிடக்கு. புயலுக்கு முந்தி புது ஃபில்டர் வந்து சேரலைன்னா யாருக்கு மாஸ்க் மாட்டணும், யாருக்கு வேண்டாம்னு நான் முடிவு பண்ணணும். அந்த வேலைய மட்டும் எனக்கு வச்சிராதீங்க."

ஃபில்டர்கள் இறங்குதுறையில் இருக்கின்றன. எட்டு லாரி லோடு. நேற்றே கிளம்பியிருக்க வேண்டும். ஏன் கிளம்பவில்லை என்று கேட்டேன்.

தலைமையகம்: "வாகன அணி மையம் நான்கில் நின்று செல்லும். திறப்பு விழா அன்றே நடைபெறும். விழாப் பொருட்கள் ஒன்பதாவது வாகனத்தில் ஏற்றப்படுகின்றன."

விழாப் பொருட்களின் பட்டியலும் வந்தது. சேர்மனின் முழு உருவ வெண்கலச் சிலை ஒன்று. வலது கையின் சுட்டுவிரல் முன்னோக்கி நீட்டப்பட்டிருக்கும், "அது எதிர்காலத்தைக் காட்டுகிறது" என்று சிற்பியின் குறிப்பு வேறு. பேட்டரியில் எரியும் குத்துவிளக்கு ஒன்று. பொன்னாடை இருநூறு. இங்கே இருப்பவள் நான் ஒருத்தி. இருநூறையும் எனக்கே போர்த்துவார்களா?

நானூறு பேர் மூச்சுத் திணறும்போது அரை நாள் நின்று விளக்கேற்ற வேண்டுமாம். எருது நோவு காக்கைக்குத் தெரியுமா? நான் அட்டவணையை மாற்றிவிட்டேன். அணி மேட்டுச் சாலையிலேயே நேராகப் போகும். மையம் நான்கில் நிற்காது. ரகோத்தமன் எதிர்ப்புத் தெரிவித்து அனுப்புவதற்குள் லாரிகள் கிளம்பியிருக்கும். பூமி தூரமாக இருப்பதில் இப்படிச் சில நன்மைகள் உண்டு.


நாள் 214. பகல் 1:30.

அணி புறப்பட்டது. ஒன்பது லாரிகள். ஓட்டுபவர்கள் நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து ஆட்கள். தானாக ஓடும் லாரிகளை இந்த மணலில் விட்டுப் பார்த்துத் தோற்ற பிறகு இவர்களைக் கூட்டி வந்தார்கள். நன்றாக ஓட்டுவார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அட்டவணைக்கு இவர்களைப் போல எதிரி கிடையாது.

வழியில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வருகிறவன் நிற்பான். அவனுக்குப் பின்னால் வருகிறவனும் நிற்பான். ஒரு போல்ட்டை முறுக்க ஆறு பேர். டீ வேறு. போன வருடத் தாமதங்களில் பாதிக்கு மேல் இப்படி நின்றதால் வந்தவை. அபராதம் போட்டுப் பார்த்தேன். அபராதத்தைப் பங்கு போட்டுக் கட்டிவிட்டு மறுபடி நின்றார்கள்.

இன்னொன்று. பூமியில் வண்டி நின்றுவிட்டால் பின்னால் பச்சைத் தழையை ஒடித்துப் போடுவார்களாம், வருகிறவன் பார்த்து ஓட்ட. இங்கே தழைக்கு எங்கே போவது? ஆளுக்கொரு இரும்புக் குழாயில் பச்சைப் பெயிண்ட் அடித்து வண்டியில் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். வெட்டிச் சுமை. போன மாதம் அத்தனையையும் இறக்க உத்தரவு போட்டேன். அன்றிலிருந்து என்னை அணியில் யாரும் "அம்மிணி" என்று கூப்பிடுவதில்லை. "மேடம்" ஆகிவிட்டேன்.

இவர்களில் மகா மட்டமான ஆள் அர்த்தனாரி. திருச்செங்கோட்டுக்காரர். நின்ற வண்டியைக் கண்டால் நிற்பது அவருக்கு ஒரு வியாதி. ஒருமுறை கைவிடப்பட்ட பழைய வண்டிக்குக்கூட நின்று, உள்ளே ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்திருக்கிறார். அதனால் அவரை அணியின் கடைசியில் வைத்து, சேர்மன் சிலையை அவர் தலையில் கட்டினேன். நின்று தொலைத்தாலும் பின்னால் யாரும் மாட்ட மாட்டார்கள், கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. இந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.


நாள் 215. காலை 6:20.

ஈசானிய மூலை தன் வேலையைக் காட்டிவிட்டது. புயலின் முன்தூசி வந்து பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. தகடுகள் புதைந்துவிட்டன. காற்று இயந்திரம் இருமி இருமி நின்றது. பேட்டரியில் இன்றைக்கு ஒரு பொழுது தாங்கலாம்.

இங்கே இருந்தால் சாவு. சிறிய வண்டியை எடுத்துக்கொண்டு இணைப்புப் பாதையில் ஏறி, மேட்டுச் சாலையைப் பிடித்து, ஏற்றத்தின் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டால் போதும். அங்கே சமதளம். லாரிகள் நின்றாலும் புதையாது. என்னை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எளிய திட்டம்.

வாஸ்து நிபுணருக்கு ஒரு பொன்னாடையை எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். அதை வைத்து என்ன செய்வது என்று நேரில் விளக்குகிறேன்.


நாள் 215. காலை 10:45. இணைப்புப் பாதை முடியும் இடம்.

வண்டி கவிழ்ந்துவிட்டது.

சரிவின் நடுவே சந்திப்பு வைத்தானே, அங்கேதான். சாலையில் ஏறித் திரும்பும்போது மணல் சரிந்தது. வண்டி பக்கவாட்டில் உருண்டு சாலையோரம் கிடக்கிறது. இடது முழங்கால் போயிற்று. ஊன்ற முடியவில்லை. ஊன்றிப் பார்த்தேன், கத்தினேன், இனிமேல் பார்க்கப் போவதில்லை. கூரையில் அபாய விளக்கு எரிகிறது. உள்ளே இருக்கும் காற்று நாளை மதியம் வரை வரும்.

தலைமையகத்துக்கு உதவி கேட்டு அனுப்பினேன். மீட்பு வண்டி என்று ஒன்று இருந்தது. போன வருடம் செலவைக் குறைக்கிறோம் என்று அதைக் கழற்றி உதிரி பாகமாக்கிவிட்டார்கள் என்று தெரிந்தும் கேட்டேன்.

தலைமையகம்: "பணியிடத்தை விட்டு வெளியேறுவதற்கான முன் அனுமதி உங்கள் செய்தியுடன் இணைக்கப்படவில்லை. மேலும் திறப்பு விழா தடைபட்டதற்கான விளக்கம் கோரப்படுகிறது."

இரண்டு முறை படித்தேன். வலியிலும் சிரிப்பு வந்தது. இவர்களிடம் எட்டு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்பதுதான் கால் வலியைவிட அதிகமாக வலிக்கிறது.


நாள் 215. பகல் 2:05.

அணி அடிவாரத்துக்கு வந்துவிட்டது. புயல் அதன் முதுகைத் தொட்டுக்கொண்டு வருகிறது. கையில் இருக்கும் அவகாசம் முக்கால் மணி நேரம். அதற்குள் ஒன்பதும் ஏறிவிட வேண்டும். அடிவாரத்தில் நின்று, ஆள் நடந்து வந்து, என்னைத் தூக்கிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரம். கணக்கை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஒரே விடைதான் வருகிறது.

முதல் வண்டியில் அணித் தலைவர் நாச்சிமுத்து. அவர் பேசியது: "மேடமுங்க, நாச்சிமுத்துங்க. ஏத்தத்துல உங்க வண்டி வெளக்கு மினுக்கு மினுக்குனு தெரியுதுங்களே. கவுந்து கெடக்கறீங்களா? பயப்படாம இருங்க, வந்து தூக்கிக்கறோம்."

நான்: "நாச்சிமுத்து, நிக்கவே நிக்காதீங்க. லோடு வண்டி இந்த மணல்ல நின்னா புதைஞ்சிரும். பின்னால வர்றது எல்லாம் அதோட சரி. வடகுடியில நானூறு பேரு மூச்சுக்குக் காத்துட்டு இருக்காங்க."

நாச்சிமுத்து: "அது தெரியுதுங்க. ஆனா நின்ன வண்டிய உட்டுப்போட்டுப் போற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. அப்படிப் போனா அடுத்த ட்ரிப்பு வெளங்குமுங்களா?"

நான்: "பழக்கமா முக்கியம்? பிள்ளைங்க சாகப்போறாங்கய்யா!"

நாச்சிமுத்து: "எப்படியாச்சும் ரெண்டையும் பாத்துக்கலாமுங்க."

எப்படியாச்சும்! இந்த ஒரு சொல்லை நம்பி ஒரு ஜனமே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது. மணலிடம் போய்ச் சொல்லுங்கள், எப்படியாச்சும் புதைக்காதே என்று.

அவர் நிற்பார். எனக்குத் தெரியும். அவர் நின்றால் எட்டும் நிற்கும். கத்தினாலும் நிற்கும், அபராதம் போட்டாலும் நிற்கும். இந்த ஆட்களை நிற்காமல் போக வைக்க ஒரே வழிதான் உண்டு. நின்ற வண்டியே இல்லை என்று ஆக்கிவிட வேண்டும்.


நாள் 215. பகல் 2:14.

செய்துவிட்டேன். அபாய விளக்கை அணைத்தேன். பிறகு பேசினேன்.

நான்: "நாச்சிமுத்து, பிரச்சினை தீர்ந்துச்சு. கம்பெனியோட மீட்பு வண்டி வந்து என்னை ஏத்திக்கிச்சு. அதுல இருந்துதான் பேசறேன். அங்க கிடக்கறது காலி வண்டி. நிக்காம போங்க."

நாச்சிமுத்து: "நெசமாங்களா?"

நான்: "நெசமா."

நாச்சிமுத்து: "அப்பச் சரிங்க. மாரியாத்தா காப்பாத்துனா. எல்லா வண்டியும் கேட்டுக்கங்கப்பா, மேடத்தக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். ஏத்தத்துல நிக்காம வாங்க."

இருபது வருடமாக லாரி ஓட்டும் மனிதர். கம்பெனி ஒருத்தியைக் காப்பாற்ற வண்டி அனுப்பியது என்றால் நம்பிவிடுகிறார். இவர்களை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


நாள் 215. பகல் 2:31.

போகிறார்கள். கண்ணாடியில் ஒட்டிய தூசிக்கிடையே தெரிகிறது. முதல் வண்டி. இரண்டாவது. அட்டவணையில் போட்ட இடைவெளி இம்மியும் பிசகவில்லை. ஒருநாளும் இப்படி ஓட்டியதில்லை இவர்கள். வண்டிகளின் பின்னால் "ஒலி எழுப்பவும்" என்று எழுதியிருக்கிறார்கள். ஒலியே கேட்காத ஊரில்.

ஐந்து. ஆறு. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத வெட்கமாகிவிடும். கதவைத் தட்ட வேண்டும்போல இருக்கிறது. விளக்கைப் போட்டுவிட வேண்டும்போல கை துறுதுறுக்கிறது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஏழு.

எட்டு போய்விட்டது. எட்டும் மேலே ஏறிவிட்டன. நானூறு பேர். கணக்கு சரி.

ஒன்பதாவது எங்கே?


நாள் 215. பகல் 2:40.

அர்த்தனாரி வேகத்தைக் குறைக்கிறார்.

அர்த்தனாரி: "மேடம், அர்த்தனாரிங்க. சீட்டுல இருக்கறீங்களா, கீழ உழுந்து கெடக்கறீங்களா? சொன்னீங்கன்னா எந்தக் கதவ நெம்போணும்னு பாத்துக்குவேன்."

நான்: "நான் அங்க இல்ல அர்த்தனாரி. மீட்பு வண்டியில போயிட்டு இருக்கேன். சொன்னேன் இல்ல?"

அர்த்தனாரி: "எந்தக் கம்பெனியோட மீட்பு வண்டிங்க? நம்ம கம்பெனியா? ஏனுங்க, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணுமல்லோ."

நான்: "நிக்காதீங்க! வண்டி புதைஞ்சிரும். முட்டாளா நீங்க?"

அர்த்தனாரி: "ஆமாங்க. எனக்குப் பின்னால ஆரு வராங்க, மாட்டிக்கறதுக்கு? என்ற வண்டியில என்னங்க இருக்குது? சேர்மன் செலை. அது பத்து நாள் லேட்டாப் போனா ஆருக்கு மூச்சு முட்டப்போவுது?"

அவரைக் கடைசியில் வைத்தவள் நான். அந்தச் சிலையை ஏற்றியவளும் நான். நின்று தொலைத்தாலும் நஷ்டமில்லை என்று அட்டவணையில் நானே எழுதியிருக்கிறேன். வரிக்கு வரி என் கணக்குப்படிதான் நிற்கிறார் இந்த மனிதர்.

நின்றேவிட்டார். சக்கரம் புதைவது இங்கிருந்தே தெரிகிறது. போய்த் தொலையுங்கள் என்று கத்தினேன். வண்டி ரேடியோவையே அணைத்துவிட்டார்.


நாள் 215. இரவு 9:30. ஒன்பதாவது வண்டி.

இப்போது லாரியின் கேபினில் இருக்கிறேன். கதவை நெம்பி, என்னை மூட்டை தூக்குவதுபோலத் தோளில் போட்டுக் கொண்டுவந்தார். "கொஞ்சம் வெயிட்டுத்தானுங்க நீங்க" என்றார் தலைக்கவச ரேடியோவில். காலில் பொன்னாடையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். உடம்பெல்லாம் பொன்னாடை. வாழ்நாளில் யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தியதில்லை. இன்று முப்பது.

லாரி அச்சு வரை புதைந்துவிட்டது. புயல் வந்துவிட்டது. கேபின் காற்று ஓர் ஆளுக்கு ஆறு நாள் என்றால் இரண்டு ஆளுக்கு எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரிடமும் சொல்லவில்லை. என் சிறிய வண்டியில் மிச்சமிருந்த காற்றையும் உருளையோடு கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஓர் ஆளுக்கு அது இன்னும் ஒரு நாள்.

வடகுடியிலிருந்து மருத்துவர் செலின் அனுப்பியது, பாதிக்கு மேல் இரைச்சல்: "எட்டு வண்டியும் வந்திருச்சு. ஃபில்டர் மாத்திட்டோம். பிள்ளைங்க தூங்குது. தமயந்தி, நீங்க எங்க இருக்கீங்க? நாச்சிமுத்து அண்ணன் கேக்காரு, கம்பெனி வண்டின்னு ஒண்ணு இங்க வரவே இல்லையேன்னு."

உண்மையைச் சொன்னேன். பிறகு நாச்சிமுத்து பேசியதை இங்கே அப்படியே எழுத முடியாது. முதல் பாதி முழுவதும் கெட்ட வார்த்தை.

நாச்சிமுத்து, மறுபாதி: "பொய் சொல்லி ஓட்ட வெச்சுப்போட்டீங்களே அம்மிணி. புயல் அடங்குன மறுநிமிசம் எட்டு வண்டியும் திரும்பி வருதுங்க. உங்க அட்டவணையத் தூக்கி அடுப்புல போடுங்க."

எட்டு வண்டி, காலியாக! இழுக்க ஒன்று போதும். தேவையே இல்லாத ஏழு ஓட்டம். திருத்தி அனுப்பலாம் என்று பார்த்தேன், அதற்குள் ஆன்டெனா போய்விட்டது.

அம்மிணி என்றார். குறித்துக்கொள்ளுங்கள்.


நாள் 217. நேரம் சரியாகத் தெரியவில்லை. பகல்.

கண்ணாடியில் பாதிக்கு மணல். மையம் நான்கு இந்நேரம் தரைமட்டமாகியிருக்கும். ரகோத்தமன் விளக்கக் கடிதத்துக்குக் காத்திருப்பார். காத்திருக்கட்டும்.

அர்த்தனாரி அதிகம் பேசுவதில்லை. பேசினால் காற்று செலவாகும் என்று நான்தான் சொன்னேன். முறைத்துப் பார்த்துவிட்டு, "வண்டிக்குப் பின்னால தழை போடோணும், அதுக்காச்சும் பேச உடுங்க" என்றார். குழாய்தான் இல்லையே என்றேன். "யாரு எறக்கச் சொன்னது?" என்றார். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புயல் கொஞ்சம் மூச்சு வாங்கிய நேரத்தில் வெளியே போனார். நான் வேண்டாம் என்றேன். என் பேச்சைக் கேட்டவர் யார்? கூரைக் கேமராவில் பார்த்தேன். பின்கதவைத் திறந்து சேர்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார். முழு உருவ வெண்கலச் சிலையை ஒற்றை ஆள்! செவ்வாயில் எடை குறைவுதான், அதற்காக இவ்வளவு குறையாது.

அர்த்தனாரி, ரேடியோவில்: "வெண்கலமா இது? வெறும் ஃபைபருங்க. மேல பெயிண்ட் அடிச்சிருக்கறானுங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். காற்று வீண்தான். பரவாயில்லை.

மேலே, சாலை வளைவில், வருகிறவர் கண்ணுக்கு முதலில் படும் பாறை இடுக்கில் முழங்கால் வரை புதைத்து நட்டுவிட்டு வந்தார். காலடியில் அந்த பேட்டரிக் குத்துவிளக்கு. கழுத்தில் ஒரு பொன்னாடை வேறு. அது மரியாதைக்கா, தூரத்திலிருந்து தெரிவதற்கா என்று கேட்டேன். "தெரியறதுக்குத்தானுங்க" என்றார்.


நாள் 219 அல்லது 220.

மணல் கூரைக்கு மேலே. கேமராவும் இருட்டு. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். மணலுக்கும் அதுதான்.

உருளைக் காற்றைத் திறந்துவிட்டோம். தலைவலி. எழுத்து ஓடவில்லை. அர்த்தனாரி தூங்குகிறார். தூங்கினால் காற்று குறைவாகச் செலவாகும் என்று சொன்னதற்கு, முதல் முறையாக நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நின்றால் எழுப்ப வேண்டும். இவர் நிற்கிற ஆள்.

கணக்குப் போட்டுப் பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். போட்டுவிட்டேன். புயல் இன்று அடங்கியிருந்தால் அவர்கள் இப்போது வழியில். அடங்காவிட்டால்

எட்டும் வரும். எனக்குத் தெரியும். ஒன்று போதும் என்றாலும் எட்டும் வரும். அந்த முட்டாள்களில் எவனும் தாண்டிப் போக மாட்டான். இப்போது என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.


கடைசிக் குறிப்பு.

இதன் பிரதி ஒன்று குத்துவிளக்கின் பேட்டரிப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அர்த்தனாரி அங்கே வைத்த சிறிய ரேடியோ வாங்கிப் பதிந்துகொள்கிறது, தலைக்கவச ரேடியோவுக்கு எட்டும் தூரம்தான். ஆகவே நீங்கள் இதைப் படிப்பது சிலையின் காலடியில் நின்றுகொண்டு.

நிமிர்ந்து பாருங்கள். கம்பெனியின் சேர்மன். வலது கையின் சுட்டுவிரலை நீட்டியிருப்பார். எதிர்காலத்தைக் காட்டுகிறது என்று சிற்பி எழுதியிருக்கிறார். அர்த்தனாரி தோளோடு சேர்த்துக் கையைக் கொஞ்சம் கீழே வளைத்து, இந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். அந்த மனிதர் வாழ்க்கையில் உருப்படியாக வழிகாட்டியது இது ஒருமுறைதான்.

விரல் காட்டும் இடத்தில் தோண்டுங்கள். கேபின் இடதுபக்கம். கதவு நெம்பித்தான்

மெதுவாக வேண்டாம்